ஆறாவது ஆட்சேபம்

பதிவுத் தபாலுக்கு நான் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தபோது வேலாயுதம் என் வீட்டுப் பக்கவாட்டுப் பாதையால் வந்துகொண்டிருந்தார். அன்று அவருக்கு மதிய ஷிப்ட். பின் சந்தின் கால்வாய்ப் பலகையில் தடி இரண்டு தட்டு, சமையல் வாசம் வரும் என் குசினிச் சுவர் ஓரம் ஒரு தட்டு, தண்ணீர்க் குழாயில் ஒரு தட்டு, பிறகு வாசல் கேட். பதினான்கு வருடமாக இதே கணக்கு. ஒருவர் கையையும் பிடிக்காமல் ரயில் ஸ்டேஷன் வரைக்கும் நடந்து, அங்கிருந்து ஹோட்டலுக்குப் போய், டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் எட்டு மணி நேரம் உட்கார்ந்துவிட்டுத் தானே திரும்பி வருவார். பிரிக்பீல்ட்ஸில் கண் தெரியாதவர்கள் நடப்பது அதிசயமில்லை. ஆனால் வேலாயுதம் நடப்பதைப் பார்த்தால் வழி விடவேண்டியது நாம்தான் என்று தோன்றும்.

"ரெஜிஸ்டர் போஸ்டா அக்கா? யாரு மேல கேசு?" என்று கேட்டார்.

"உமக்கு எப்படித் தெரியும்?"

"போஸ்ட்மேன் மோட்டார ஆஃப் பண்ணிட்டு நிக்கிறாரு. சும்மா கடுதாசின்னா நிறுத்த மாட்டாரு லா."

கடிதத்தை அவருக்குப் படித்துக் காட்டவில்லை. வேலைக்குப் போகிற மனிதனிடம் சொல்கிற செய்தியில்லை அது. எங்கள் வரிசை வீடுகளுக்குப் பின்னால், சந்துக்கு அந்தப் பக்கம் இருக்கிற நிலத்தில் பதினெட்டு மாடிக் கொண்டோக் குடியிருப்பு கட்ட விண்ணப்பம் வந்திருக்கிறதாம். பக்கத்து நிலத்தின் பதிவு பெற்ற உரிமையாளர் என்ற முறையில் எனக்கு ஆட்சேபம் இருந்தால் மூன்று வாரத்துக்குள் எழுத்து மூலம் தெரிவிக்கலாமாம். அந்த நிலத்தில்தான் வேலாயுதம் இருக்கிறார். அவரோடு சேர்த்து இருபத்திரண்டு பலகை வீடுகள். செட்டியார் ஒருவரிடம் மாதா மாதம் தரை வாடகை கொடுத்து, தாங்களே பலகை அடித்துக் கட்டிய வீடுகள். செட்டியார் காலமான பிறகு பிள்ளைகள் விற்றுவிட்டார்கள். வாங்கியவன் இப்போது கட்டப்போகிறான்.

அந்த இருபத்திரண்டு வீட்டுக்கும் கடிதம் வரவில்லை. நிலம் அவர்களுடையது இல்லையே, எப்படி வரும்? வந்தது எங்கள் வரிசையின் ஐந்து வீட்டுக்குத்தான். அதில் ஒரு வீட்டுக்காரர் பெர்த்தில் பிள்ளையோடு இருக்கிறார். ஒருவர் செத்துப்போய் ஆறு வருடம், பிள்ளைகள் இன்னும் கோர்ட்டில் நிற்கிறார்கள். ஒரு வீடு அச்சகக்காரன் கையில், அவனுக்கு இதில் அக்கறையில்லை. மிச்சம் கந்தையா அண்ணரும் நானும். கந்தையா அண்ணரிடம் போனேன். "குணபூசணி, பின்னுக்குக் கொண்டோ வந்தா எங்கட காணி விலை எங்கேயோ போகும். பேசாமல் இரும்" என்றார். கோயில் கமிட்டியில் தர்மத்தைப் பற்றி மூச்சுவிடாமல் பேசுகிற மனுஷன். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஆக, நூற்றுப் பத்துப் பேர் குடியிருக்கிற நிலத்தைப் பற்றிக் கருத்துச் சொல்ல அரசாங்கம் கண்டெடுத்த பொதுமக்கள் நான் ஒருத்திதான். புருஷன் இல்லாத, பிள்ளை இல்லாத, அறுபத்திரண்டு வயதுக் குணபூசணி.

என்னைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். முப்பத்தொரு வருடம் அரசாங்க இலாகாவில் வேலை பார்த்தவள் நான். கடைசி எட்டு வருடம் தலைமைக் குமாஸ்தா. எங்கள் யாழ்ப்பாணத்து ஆட்களுக்கு ஒரு நம்பிக்கை உண்டு. கடிதம் ஒழுங்காக எழுதினால் காரியம் நடக்கும். தேதி, கோப்பு எண், பொருள், பத்திக்கு ஒரு எண். என் அப்பா ரயில்வேயில் அப்படி எழுதித்தான் மூன்று பதவி உயர்வு வாங்கினார். அந்தத் திமிர் எனக்கும் இருந்தது. வேலாயுதத்தின் மனைவி இராஜம்மா வந்து அழுதபோது, "அழாதேயும், நான் எழுதுற கடிதத்தை அவங்கள் தட்டேலாது" என்று சொன்னேன். அப்படியே சொன்னேன். இன்றைக்கு நினைத்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

இராஜம்மா கிளினிக்கில் தரை துடைக்கிறவள். அவளுடைய பயம் வீடு போவது மட்டுமில்லை. "கம்போங் மேடான் பக்கம் எதோ நீள வீடாம், வரிசையா ரூம் தடுத்தது, வீடு போனவங்கள அங்கதான் கொண்டு போடுவாங்கன்னு சொல்றாங்கக்கா. அங்கேருந்து ரெண்டு பஸ்ஸு. இவரு யாரு கையையும் பிடிக்க மாட்டாரு, உங்களுக்கே தெரியும். புது எடத்துல எப்படிப் போவாரு? வேலைய விட்டுட்டு வீட்டுல குந்துனா ஆறு மாசத்துல செத்துருவாரு." வேலாயுதம் அதையெல்லாம் கேட்டுக்கொண்டு சிரித்தார். "சாட்சிக்காரன் கால்ல விழறதுக்கு சண்டைக்காரன் கால்லயே விழலாம்னு சொல்வாங்க. டெவலப்பருக்கே போன் போட்டேன் அக்கா. நம்ம லைன்தானே. ரெண்டு நிமிஷம் பாட்டு போட்டு விட்டான். நல்ல பாட்டு."

முதல் கடிதத்தில் அந்த இருபத்திரண்டு குடும்பங்களைத்தான் முதலில் வைத்தேன். பக்கத்திலேயே மாற்று வீடு கொடுத்த பிறகுதான் அனுமதி தரவேண்டும் என்று எழுதினேன். அறுபத்தெட்டுப் பேர் கையெழுத்தும் சேர்த்தேன். வேலாயுதம் காகித ஓரத்தை விரலால் அளந்து, கோடு தவறாமல் தன் பெயரைத் தமிழில் எழுதினார். நான்காம் நாள் கடிதம் திரும்பி வந்தது. ஆட்சேபம் தெரிவிப்பவர் தன் நிலத்துக்கு ஏற்படும் பாதிப்பை மட்டுமே குறிப்பிட வேண்டும், குடியிருப்போர் விவகாரம் இந்தப் பிரிவின் கீழ் வராது, ஒழுங்குபடுத்தி அனுப்பவும் என்று ஒரு துண்டுச் சீட்டு. கையெழுத்துப் பக்கங்களைத் தனியாகக் கிளிப் போட்டுத் திருப்பியிருந்தார்கள். அந்தக் கிளிப்பைப் பார்த்ததும் எனக்குக் கோபம் வந்ததென்று சொன்னால் அது பொய். வெட்கம்தான் வந்தது. என் கடிதம் ஒன்று ஒழுங்கில்லை என்று திரும்பி வந்தது வாழ்க்கையிலேயே அதுதான் முதல் தடவை.

உட்கார்ந்து ஒழுங்குபடுத்தினேன். எது எடுபடும், எது எடுபடாது என்று எனக்குத் தெரியாதா? ஒன்று, வெளிச்சமும் காற்றும் மறையும். இரண்டு, கால்வாய் தாங்காது. மூன்று, வாகன நெரிசல். நான்கு, அஸ்திவாரத் தூண் இறக்கப் பைலிங் அடித்தால் சுவர் வெடிக்கும். ஐந்து, அந்த உயரம் இந்த வட்டாரத்துக்குப் பொருந்தாது. ஐந்தோடு நிறுத்தியிருக்கலாம். ஐந்து கொஞ்சம் மெலிவாகப் பட்டது. ஆறாவதாக ஒன்று சேர்த்தேன்: பின் சந்துக்கும் அந்த நிலத்துக்கும் இடையே தடுப்பு எதுவும் இல்லாததால், வெளியாட்கள் எங்கள் பின்வாசல்கள் வழியாகத் தடையின்றி நடமாடுவார்கள், தனியாக வாழும் பெண்களின் பாதுகாப்புக்கு அது ஆபத்து. கட்டுமானத் தொழிலாளிகளை நினைத்துத்தான் எழுதினேன். எழுதி முடித்துப் படித்தபோது நன்றாகத்தான் இருந்தது.

ஆட்சேபத்தை நேரில் கேட்க விசாரணைக்கு அழைத்தார்கள். வேலாயுதத்தையும் கூட்டிக்கொண்டு போனேன். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். என்ன பேசவேண்டும் என்று டாக்ஸியில் ஒத்திகையும் பார்த்தார், மலாயில், என்னைவிட நல்ல மலாயில். வாசலில் இருந்த பெண் பட்டியலைப் பார்த்தாள். ஒரு பெயர்தான் இருந்தது. "இவர் உறவா புவான்?" என்று மலாய் மரியாதையோடு கேட்டாள். இல்லை என்றேன். தம்பி என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம். அரசாங்க அலுவலகத்தில் பொய் சொல்லிப் பழக்கமில்லை எனக்கு. வேலாயுதம் வெளியே பெஞ்சில் உட்கார்ந்தார்.

உள்ளே மூன்று அதிகாரிகள் இருந்தார்கள். நல்ல மனிதர்கள், அதுதான் எனக்கு ஆற்றாமை. எழுந்து நின்று வணக்கம் சொன்னார்கள், நாற்காலியை இழுத்துப் போட்டார்கள். குடியிருப்பவர்களைப் பற்றி நான் ஆரம்பித்ததும் நடுவில் இருந்தவர் பேனாவை மூடிவைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். முழுக்கக் கேட்டார். பிறகு, "உங்கள் மனசு எனக்குப் புரிகிறது புவான். ஆனால் அது நில உரிமையாளருக்கும் அவர்களுக்கும் உள்ள விஷயம். இங்கே உங்கள் நிலம் மட்டும்தான்" என்றார். அப்படியென்றால் பாதிக்கப்படுகிறவர்கள் எங்கே போய்ச் சொல்வது என்று கேட்டேன். அவர் இரண்டு பக்கமும் பார்த்தார். அதற்கு எந்த அறை என்று அவருக்கும் தெரியவில்லை. பிறகு நான் என் ஆறு எண்களையும் வாசித்தேன். ஐந்துக்கும் தலையாட்டினார்கள். ஆறாவதுக்குப் பேனா திறந்தது. சந்தின் நீளம் என்ன, எத்தனை பின்வாசல், வெளிச்சம் உண்டா என்று விவரமாகக் கேட்டார்கள். கேட்கக் கேட்க நானும் உற்சாகமாகச் சொல்லிக்கொண்டே போனேன். ஒருவன் நம் பேச்சை எழுதிக்கொள்கிறான் என்றால் மனுஷருக்கு ஒரு மயக்கம் வந்துவிடுகிறது.

வெளியே வந்ததும் வேலாயுதம் எழுந்தார். "பன்னண்டு நிமிஷம் அக்கா. என்ன சொன்னாங்க?"

"நல்லாக் கேட்டவை" என்றேன்.

"கேட்டாங்களா? சரி. ஊதுற சங்க ஊதியாச்சு" என்றார்.

இரண்டு மாதம் கழித்துப் பதில் வந்தது. தங்கள் ஆட்சேபங்கள் பரிசீலிக்கப்பட்டன. ஒன்று முதல் ஐந்து வரை நிராகரிக்கப்படுகின்றன. ஆறாவது ஏற்றுக்கொள்ளப்பட்டு, வேலை தொடங்குமுன் பின் சந்தின் முழு நீளத்துக்கும் எட்டடித் தகரத் தடுப்பு எழுப்ப வேண்டும் என்பது அனுமதியின் நிபந்தனையாகச் சேர்க்கப்படுகிறது. தங்கள் பங்களிப்புக்கு நன்றி. மூன்று தடவை படித்தேன். ஒரு பிழையில்லை. பத்திக்குப் பத்தி எண் போட்டிருந்தார்கள்.

இராஜம்மாவிடம் சொல்லவில்லை. சொல்லவேண்டும் என்று தினமும் நினைத்தேன், தினமும் தள்ளிப்போட்டேன். காலி செய்ய நிலத்தை வாங்கியவன் அவர்களுக்குக் கொடுத்திருந்த தவணையில் இன்னும் நான்கு மாதம் இருந்தது. அதற்குள் தகரம் அடிக்கமாட்டார்கள் என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டேன். அரசாங்க வேலை எவ்வளவு ஆமை வேகத்தில் நடக்கும் என்று எனக்குத்தான் தெரியுமே. இது டெவலப்பர் வேலை என்பதை மறந்துவிட்டேன். ஒரு வியாழக்கிழமை காலை, வேலாயுதம் ஷிப்டுக்குப் போய் ஒரு மணி நேரம் ஆகவில்லை, லோரியில் ஆட்கள் வந்து இறங்கினார்கள். மத்தியானத்துக்குள் சந்து முழுக்கத் தகரம் நின்றது. கால்வாய்ப் பலகையைப் பிடுங்கி ஓரமாகப் போட்டிருந்தார்கள். உள்ளே இருப்பவர்கள் இனி வெளியே வர, அந்தப் பக்கம் பெரிய ரோட்டில் லோரிகள் போகிற வாசல் ஒன்றுதான். நடைபாதை கிடையாது. ஓரத்தில் ஆளை விழுங்கும் மழைக்கால்வாய்.

நாலரைக்குத் தடிச் சத்தம் கேட்டது. கேட், தண்ணீர்க் குழாய், குசினிச் சுவர். நான் பின்வாசலில் நின்றேன். கூப்பிடவில்லை. அவர் சந்துக்கு வந்து, பலகை இருக்கவேண்டிய இடத்தில் தடியை நீட்டினார். தடி காற்றில் இறங்கி, பிறகு தகரத்தில் மோதியது. ஓர் அடி பின்வாங்கினார். கையை நீட்டித் தொட்டார். மேலே எவ்வளவு என்று பார்த்தார், எட்டவில்லை. இடது பக்கம் இரண்டடி தடவினார், வலது பக்கம் இரண்டடி தடவினார்.

"அக்கா, நீங்க நிக்கிறீங்கன்னு தெரியுது. இது என்ன?"

"வேலி, வேலாயுதம்."

"யாரு போட்டது?"

டெவலப்பர் என்று சொன்னால் அதுவும் உண்மைதான்.

"நான் கேட்டுப் போட்டது" என்றேன். "என்ர கடிதத்தில ஆறாவது. அதை மட்டும்தான் ஒத்துக்கொண்டவை."

அவர் திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன். உள்ளங்கை தகரத்திலேயே இருந்தது. வெயிலில் சுட்டிருக்கும். "அப்ப நம்ம மனுவுல ஒண்ணு ஜெயிச்சிருக்கு" என்றார் கடைசியில். சிரிப்பது போலத்தான் சொன்னார், ஆனால் குரல் அவருடையது போல இல்லை.

அந்தப் பக்கத்திலிருந்து இராஜம்மா தகரத்தைத் தட்டினாள். "என்னாங்க? வந்துட்டீங்களா? அங்கேயே நில்லுங்க, நான் சுத்திக்கிட்டு வரேன்."

"நீ வராத. லோரி போற நேரம்" என்றார் வேலாயுதம். தடியை மடக்கினார். மடக்கியதை இடுக்கிக்கொண்டு, நான் இருக்கும் திசைக்குச் சற்றுத் தவறாக, குழாய்ப் பக்கமாகக் கையை நீட்டினார்.

"கையக் குடுங்க அக்கா" என்றார்.

பதினான்கு வருடத்தில் அந்தக் கையை நான் தொட்டதில்லை. என் மணிக்கட்டைப் பிடித்த பிடியில் எலும்பு நொந்தது. ஐந்து பின்வாசல்களையும் கடந்து சந்தோடு நடந்தோம். கந்தையா அண்ணர் வீட்டுப் பின்கதவு பாதி திறந்து மூடியது. தகரத்துக்கு உள்ளே இராஜம்மா எங்களோடு சேர்ந்து நடந்தபடியே தட்டிக்கொண்டு வந்தாள், நாங்கள் எங்கே இருக்கிறோம் என்று அவளுக்குத் தெரியவும், அவள் எங்கே என்று அவருக்குத் தெரியவும். சந்து பெரிய ரோட்டில் முடிகிற மூலைக்கு வந்தபோது முதல் லோரி எங்களை உரசுவது போலப் போனது. அந்த இரைச்சலில் தட்டும் சத்தம் கேட்காமல் போயிற்று. வேலாயுதம் நின்று, தலையைச் சாய்த்து, தகரப் பக்கமே காதைக் கொடுத்துக்கொண்டிருந்தார்.