பூஜ்யம் எண் வீடு

2004-ஆம் வருடம் பள்ளிக்கூடம் திறந்த மாதத்தில், கூடுவாஞ்சேரி மலர்விழி நகரின் இரட்டை எண் வீடுகளில் எதையும் இரண்டாகப் பிரிக்க முடியாமல் போனது. தோசையைப் பாதியாகப் பிய்த்தால் மூன்றாவதாக ஒரு துண்டு தட்டில் கிடந்தது. இரட்டைச் சடைக்கு உட்கார்ந்த பெண்பிள்ளைகளுக்கு எப்படி வகிடெடுத்தாலும் நடுவில் ஒரு கற்றை மிஞ்சியது. அதையும் பின்னிக்கொண்டு மூன்று சடையோடு பஸ் ஏறினார்கள். ஒற்றை எண் வீடுகளில் ஒரு குறையும் இல்லை. எல்லாம் சரோஜினி டீச்சரின் கோபத்தால் வந்தது என்று நகரில் எல்லோருக்கும் தெரியும். அந்தக் கோபம் நியாயமானது.

நகரின் வாசலில் மனை விற்றவர் கொட்டகை போட்டு உட்கார்ந்திருந்த இடம் ஒன்று இருந்தது. மற்ற மனைகள் தீர்ந்ததும் ஆசை விடாமல் அதையும் விற்றார். ஒன்றாம் எண் ஏற்கெனவே போய்விட்டதால் அதற்கு முன்னால் இருந்த இந்த மனைக்குப் பூஜ்யம் என்று பெயின்ட் அடித்துக் கொடுத்தார். தாம்பரத்துப் பள்ளியில் கணக்கு நடத்தும் சரோஜினியும், பொத்தேரியில் ஒரு கல்லூரி அலுவலகத்தில் வேலை பார்க்கும் கணவர் வில்பிரட்டும் அதை வாங்கி வீடு கட்டினார்கள். எண் நன்றாகத்தான் இருக்கிறது என்று டீச்சர் சந்தோஷப்பட்டாள், பாவம்.

2004-இல் கிணறுகள் வறண்டன. தண்ணி லாரி ஒரு நாள் ஒற்றை எண் வீடுகளுக்கு, மறுநாள் இரட்டை எண் வீடுகளுக்கு என்று குடியிருப்போர் சங்கம் முடிவு செய்தது. லாரி நகருக்குள் நுழைவதே டீச்சர் வீட்டைத் தாண்டித்தான். இரண்டு நாளும் தாண்டிப் போனது. டிரைவர் சின்னப்பனை நிறுத்திக் கேட்டபோது, “ரெட்ட வூட்டுக்கு ஊத்துன்னாங்கோ, ஊத்துறேன். ஒங்க வூடு ரெட்டையா இன்னான்னு செக்ரட்ரி சார கேளுங்க டீச்சர்” என்றான். வில்பிரட் ஊரப்பாக்கத்திலிருந்து மொபெட்டில் குடம் கட்டிக் கொண்டுவந்தார். குளிக்காமல் பள்ளிக்குப் போன நாட்களில் டீச்சர் பிள்ளைகளின் பக்கத்தில் போய் நிற்கக் கூசினாள். கண்ணெதிரே லாரி தண்ணீரைச் சிந்திக்கொண்டு போவதைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

சங்கத்தின் செயலாளர் தேவானந்தம் டெலிபோன் ஆபீசில் ஓய்வு பெற்றவர், பன்னிரண்டாம் எண் வீட்டுக்காரர். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் அவர், எண்ணுவது ஒன்றிலிருந்துதான் என்றும், இயல் எண்களில் பூஜ்யம் கிடையாது என்றும், இல்லாத எண் ஒற்றையிலும் சேராது இரட்டையிலும் சேராது என்றும் விளக்கினார். கூட்டமும் தலையாட்டியது. டீச்சர் எழுந்தாள். இயல் எண்ணில் இல்லாவிட்டால் என்ன, முழு எண்களில் முதலில் நிற்பதே பூஜ்யம்தான் என்றாள். எந்த எண்ணால் வகுத்தாலும் மீதி வராத எண், எல்லா இயல் எண்ணும் அதற்குக் காரணி, இரண்டும் காரணி என்றாள். பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். அப்போதுதான் அவள் குரல் மாறியது.

“ரெண்டுலேர்ந்து ரெண்ட எடுத்தா பூஜ்யம். பூஜ்யம் இரட்டை இல்லன்னா ரெண்டும் இல்ல, நாலும் இல்ல. உங்க பன்னெண்டும் இல்ல சார்” என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டாள். மறுநாள் காலையில் தோசை மூன்றாகப் பிரிந்தது.

ஒரு வாரம் பொறுத்துப் பார்த்தார்கள். நாலாம் எண் வீட்டு ஜெயப்ரியாவின் நிச்சயதார்த்தத்தில், மாற்றிக்கொள்ள வேண்டிய இரண்டு தட்டுகளோடு மூன்றாவதாக ஒரு தட்டு வந்து உட்கார்ந்தது. எந்த வீட்டார் பக்கம் அதை வைப்பது என்று சண்டை வந்து மாப்பிள்ளை வீட்டார் சாப்பிடாமல் எழுந்தார்கள். அன்று மாலையே தேவானந்தம் லாரியோடு டீச்சர் வாசலுக்கு வந்து, பாவம், ஊற்றிவிட்டுப் போகட்டும் என்றார். டீச்சர் தொட்டியின் மூடி மேல் உட்கார்ந்துகொண்டாள். வீட்டில் சொட்டுத் தண்ணீர் இல்லை, ஆனாலும் உட்கார்ந்துகொண்டாள்.

“பாவம் பாத்து ஊத்த வேணாம் சார். இரட்டைன்னு சொல்லிட்டு ஊத்துங்க.”

சின்னப்பன் குழாயைப் பிடித்தபடி நின்றான். தெரு முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது. தேவானந்தம் தொண்டையைக் கனைத்து, தரையைப் பார்த்து, பூஜ்யம் இரட்டைதான் என்றார். டீச்சர் எழுந்து மூடியைத் திறந்தாள். அன்று ராத்திரி எல்லா வீட்டிலும் சப்பாத்தி ஒழுங்காக இரண்டாகப் பிய்ந்தது, பன்னிரண்டாம் எண் வீட்டைத் தவிர.

வாயால் சொன்னாரே ஒழிய மனசால் சொல்லவில்லை. வேறென்ன காரணம் இருக்க முடியும்? மறு வருடம் அடைமழை பெய்து கிணறுகள் வழிந்தன, லாரியும் நின்றது. தேவானந்தம் வீட்டில் மட்டும் மூன்றாவது துண்டு விழுவது நிற்கவில்லை. அவர் மனைவி லோகநாயகி அதற்கென்று ஒரு சின்னத் தட்டு வாங்கி, தினமும் அந்தத் துண்டை அதில் போட்டு மதில்மேல் காகங்களுக்கு வைத்தாள். தாம்பரம் ரயிலைப் பிடிக்கக் காலையில் நகருக்குள் புகுந்து குறுக்கு வழியாகப் போகும் டீச்சர், மதில்மேல் அந்தத் தட்டையும் காகங்களையும் பார்ப்பாள். ஒருநாளும் மனம் இளகவில்லை. தேவானந்தம் பேப்பரிலிருந்து நிமிர்ந்து, “இட்லி டீச்சர், இன்னைக்கு” என்பார். அவள் தலையசைத்துவிட்டு ஸ்டேஷனுக்கு நடப்பாள்.