முத்திரை விழுந்த அட்டை

எங்கள் அகராதி அலுவலகத்தில் ஒரு சொல்லின் உயிரை வாங்க ஐந்து மேசைகள் இருக்கின்றன. ஆங்கிலச் சொல் ஒன்று ஓர் அட்டையில் ஏறும். பொருள் மேசைக்காரர் தமிழில் பொருள் எழுதுவார். அதற்கு எடுத்துக்காட்டு வாக்கியம் எழுதுவது என் வேலை. என் வாக்கியம் ஒரு தட்டில் எல்லா மேசைக்கும் சுற்றி வரும். எல்லோரும் கையெழுத்துப் போட்ட பிறகு மேலாளர் 'ஏற்கப்பட்டது' என்று முத்திரை குத்துவார். முத்திரை விழுந்த அட்டையை யாரும் மறுபடி திறக்கக் கூடாது. அது மேலாளர் எழுதிய விதி. கண்ணாடி போட்டுச் சுவரில் மாட்டியிருக்கிறார். ஒருமுறை ஓர் அட்டையில் சிலந்திக்கு ஆறு கால் என்று போய்விட்டதைக் கண்டுபிடித்து அவரிடம் ஓடினேன். "முத்திரை விழுந்தாச்சும்மா" என்றார். எங்கள் அகராதியில் சிலந்திக்கு இன்றும் ஆறு கால்தான்.

அந்த மாதம் எங்கள் கையில் சிக்கிய சொல் 'இன்டர்மினபிள்'. பொருள் மேசைக்காரர் 'முடிவில்லாத' என்று ஒரே சொல்லில் எழுதிவிட்டுக் காப்பி குடிக்கப் போய்விட்டார். வாய் திறந்தால் 'அதாவது' என்றுதான் ஆரம்பிப்பார் என்பதால் அவர் பெயரே அதாவது.

"சார், வானத்தையும் முடிவில்லாததுன்னு சொல்றோம். இந்தச் சொல்ல வானத்துக்குப் போட முடியுமா?" என்று கேட்டேன்.

"அதாவதும்மா, முடியலன்னா முடியலதானே?"

இல்லை. எனக்கு அந்தச் சொல் நன்றாகத் தெரியும். வானம் யாரையும் சலிக்க வைப்பதில்லை. முடியக்கூடிய ஒன்று, எப்போதோ முடிந்திருக்க வேண்டிய ஒன்று, முடியாமல் ஜவ்வாக இழுத்து மனுஷியைச் சாகடிக்கிறதே, அதற்குத்தான் அந்தச் சொல். அகராதி பார்த்து நான் இதைத் தெரிந்துகொள்ளவில்லை. பதினொரு மாதமாக அதில்தான் குடியிருக்கிறேன்.

பதினொரு மாதத்துக்கு முன்னால் என் அக்காவுக்குப் பக்கவாதம் வந்தது. வலது பக்கம் விழுந்துவிட்டது. பேச்சு ஒவ்வொரு வார்த்தையாகத்தான் வரும். வீட்டில் நாங்கள் இருவர் மட்டுமே. காலை எட்டு மணிக்கு அவளை ஜன்னலோர நாற்காலியில் உட்காரவைத்து, கைக்கெட்டும் தூரத்தில் தண்ணீரும் சாப்பாடும் வைத்துவிட்டுக் கிளம்பினால் நான் திரும்பும்போது மணி ஆறு. மதியம் பக்கத்து வீட்டுக்காரி ஒரு தடவை எட்டிப்பார்ப்பாள், அவ்வளவுதான். என் சம்பளத்தில்தான் வீடு ஓடுகிறது, வேலையை விடவும் வழியில்லை. வாக்கியம் எழுத எனக்கு ஒரு பேனா போதும், அதை வீட்டிலிருந்தும் எழுதலாம். வாரத்தில் மூன்று நாள் வீட்டிலிருந்து எழுத அனுமதி கேட்டு ஐந்து கடிதம் கொடுத்தேன். முதல் கடிதம் பரிசீலனையில் இருந்தது. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதைக் காணோம் என்றார்கள். நாலும் ஐந்தும் போன இடமே தெரியவில்லை.

அந்தச் சமயத்தில்தான் அண்ணன் ஃபோன் செய்தான்.

"காப்பகத்துல இடம் கெடச்சிருக்கு. நீ பகல்ல வீட்ல இருக்க முடியும்னா சொல்லு, விட்டுடறேன். இல்லன்னா ஒண்ணாம் தேதி வண்டி வரும்."

"அவளக் கேட்டியாடா?"

"அவ என்ன சொல்லப் போறா?"

எனக்கு வந்த ஆத்திரத்தில் ஃபோனை வைத்துவிட்டேன்.

அன்றைக்கே ஆறாவது விண்ணப்பம் எழுத உட்கார்ந்தேன். எங்கள் அலுவலகத்தில் விடுப்புக் கடிதம், குழாய் ஒழுகும் புகார், எல்லாமே அந்த ஒரே தட்டில்தான் போகும். காகிதம் தொலையும், அட்டை தொலையாது. அதனால் ஒரு வெற்று அட்டையை எடுத்தேன். பணிவுடன், கனிவுடன் என்ற மண்ணாங்கட்டியெல்லாம் இந்தத் தடவை இல்லை. 'வாரத்தில் மூன்று நாள் நான் வீட்டிலிருந்து வேலை செய்ய வேண்டும். பக்கவாதத்தில் விழுந்த என் அக்கா காலை எட்டிலிருந்து மாலை ஆறு வரை தனியாக ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிறாள். அவளுக்கு அந்தப் பகல் முடிவதேயில்லை. அனுமதி தாருங்கள்.' எழுதித் தட்டில் போட்டேன்.

அதற்கு அடியில் 'இன்டர்மினபிள்' அட்டை கிடந்தது. நான் எழுதிய மூன்று வாக்கியங்களையும் அடித்துத் திருப்பியிருந்தார்கள். ரயில் பயணம் பழசாம், மேடைப்பேச்சு யாரையாவது உறுத்துமாம், வரிசையில் நிற்பது அரசியலாம். நாலாவது எழுத எனக்குக் கை வரவில்லை, அப்படியே விட்டுவிட்டேன்.

இருபத்தெட்டாம் தேதி காலை தட்டு என் மேசைக்குத் திரும்பி வந்தது. அந்தச் சொல் அட்டையோடு என் விண்ணப்பத்தைச் சேர்த்துக் கிளிப் போட்டிருந்தார்கள்.

என் மேசையிலிருந்து அட்டை வந்தால் அது எடுத்துக்காட்டுதான் என்று எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். 'அதாவது' முதல் வரிக்குப் பக்கத்தில் 'சூழலுக்கு இருக்கட்டும்' என்று எழுதிக் கையெழுத்திட்டிருந்தார். மெய்ப்புத் திருத்தும் மேடம் 'உட்கார்ந்திருக்கிறாள்' என்பதில் ஓர் எழுத்தைத் தெளிவாக்கிக் கையெழுத்திட்டிருந்தார். ஆசிரியர் இரண்டு இடத்தில் காற்புள்ளி வைத்திருந்தார். அவர் பெயரே காற்புள்ளிதான். எதையும் முடிக்க மாட்டார், கொஞ்சம் நிறுத்தி வைப்பார். 'பக்கவாதத்தில் விழுந்த' என்பதைச் சிவப்பு மையில் அடித்து, ஓரத்தில் 'நோய் வேண்டாம், மாணவர் மனம் கெடும். மற்றபடி மிக இயல்பு' என்று எழுதியிருந்தார். கடைசியில் மேலாளர் கையெழுத்து. 'அனுமதி தாருங்கள்' என்ற வரிக்கு நேர் கீழே ஊதா நிறத்தில் முத்திரை: ஏற்கப்பட்டது.

நாலு பேர் படித்திருக்கிறார்கள். நாலு பேரில் ஒருத்தருக்குக்கூட அதில் ஒரு மனுஷி இருப்பது கண்ணில் படவில்லை. எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அட்டையை எடுத்துக்கொண்டு நேராக மேலாளர் அறைக்குப் போனேன். ஆசிரியரும் அங்கேதான் உட்கார்ந்திருந்தார்.

"ரொம்ப நன்றி சார். நாளையிலேருந்து வாரத்துல மூணு நாள் வீட்லேருந்து எழுதறேன்."

மேலாளர் நிமிர்ந்தார். "யார் சொன்னது?"

"நீங்கதான் சார். படிங்க."

அவர் படித்தார். நடுவில் ஒரு தடவை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"இது எடுத்துக்காட்டும்மா. நான் அட்டைன்னு நெனச்சு..."

"அட்டைதான் சார். முத்திரை விழுந்த அட்டை. மறுபடி தெறக்கக் கூடாதுன்னு உங்க தலைக்கு மேல மாட்டியிருக்கே!"

அவர் திரும்பிச் சுவரைப் பார்த்தார். கையெழுத்தைப் பார்த்தார். சிலந்திக்கு இன்னும் இரண்டு கால் கேட்டு நான் வந்து நின்ற நாள் அவருக்கும் ஞாபகம் வந்திருக்க வேண்டும்.

"முறைப்படி ஒரு கடிதமா குடுத்தா..."

"அஞ்சு குடுத்துட்டேன் சார்! எங்க போச்சு? நீங்க ஒவ்வொரு தடவையும் பார்க்கலாம் பார்க்கலாம்னு சொன்னீங்க, எங்க அக்கா ஒவ்வொரு நாளும் அந்த ஜன்னலையே பார்த்துக்கிட்டு உக்காந்திருக்கா. ஒண்ணாம் தேதி அவளத் தூக்கிட்டுப் போக வண்டி வருது. என்ன பார்க்கப் போறீங்க இனிமே?"

என் குரல் வெளியே எல்லா மேசைக்கும் கேட்டிருக்கும். கேட்கட்டும்.

ஆசிரியர் தொண்டையைச் செருமினார். "அப்போ இந்த எடுத்துக்காட்ட எடுத்துடணுமாம்மா? நல்லா வந்திருக்கே..."

அறைந்துவிடலாம் போல் இருந்தது. "எடுக்க வேணாம் சார், நீங்களே வெச்சுக்குங்க. ஆனா அடிச்ச வார்த்தையத் திரும்பப் போடுங்க. அவ வேடிக்கை பார்க்க அங்க உக்காந்திருக்கல."

மேலாளர் அட்டையிலிருந்த என் விண்ணப்பத்துக்குத் தேதி போட்டு அதை ஒரு பதிவேட்டில் ஏற்றினார். பதினொரு மாதம் ஆகாத வேலை, நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே முடிந்தது. "போயிட்டு வாம்மா" என்றார். நாளைக்குக் காத்திருக்க எனக்குப் பொறுமை இல்லை. பையை எடுத்துக்கொண்டு அப்போதே கிளம்பிவிட்டேன்.

பஸ்ஸிலிருந்தே அண்ணனுக்கு ஃபோன் போட்டேன். வண்டி வேண்டாம் என்பதை அக்கம்பக்கத்து சீட்டெல்லாம் திரும்பிப் பார்க்கும்படி சொன்னேன்.

கதவைத் திறந்தபோது அக்கா ஜன்னலோரம் இருந்தாள். டம்ளரில் தண்ணீர் அப்படியே இருந்தது. மெதுவாகக் கழுத்தைத் திருப்பி என்னைப் பார்த்தாள். ஒவ்வொரு வார்த்தையாகத் தேடிக் கோத்தாள்.

"இன்னிக்கு... சாயங்காலம்... சீக்கிரம்... வந்துடுச்சே."

கடிகாரம் அவளுக்கு நேர் எதிரேதான் மாட்டியிருக்கிறது. அவள் அதைப் பார்ப்பதை எப்போதோ விட்டுவிட்டாள் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

"இல்லக்கா, மணி பதினொண்ணரைதான் ஆகுது" என்று சொல்லி, அவள் நாற்காலியை ஜன்னலிலிருந்து திருப்பினேன்.