பதினொன்றா, பதினாறா

எங்கள் வீட்டில் முதல் சண்டை கார் ஷெட்டுக்குத்தான் வந்தது. இத்தனைக்கும் வீடு இன்னும் கட்டவில்லை, அஸ்திவாரம்கூடத் தோண்டவில்லை. நத்தம் ரோட்டில் சிறுமலைப் பிரிவுக்கு இந்தப் பக்கம் வாங்கிப் போட்டிருந்த மனையில் நாலு முளைக்குச்சியும் காலையில் வந்து இறங்கிய செங்கலும்தான் கிடந்தன. அதற்குள் என் வீட்டுக்காரர் முத்துக்கிருஷ்ணன், இன்னும் வாங்காத காருக்குக் காகிதத்தில் ஷெட்டைப் போட்டு முடித்துவிட்டார்.

மறுநாள் பூமி பூஜை. கட்டட வேலை எடுத்திருந்த பாரூக் பாய், முதல் நாளே அளவைக் குறித்துவிட வேண்டுமென்று சுண்ணாம்புப் பொடி வாளியோடு வந்துவிட்டார். என் வீட்டுக்காரரையும் என் மாமியார் பேச்சாயியையும் அவருடைய காரிலேயே கூட்டி வந்திருந்தார். நான் சிறுமலை லோடை மண்டியில் இறக்கிவிட்டு நேராக என் வண்டியில் போய்ச் சேர்ந்தேன்.

என் வண்டி என்றால் குட்டியானை, சின்ன லோடு வண்டி. பன்னிரண்டு வருடங்களுக்கு முன் அவர் வேலை பார்த்த நூல் மில்லை ஆறு மாதம் மூடிப்போட்டார்கள். அவர் விட்டத்தைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். நான் டிரைவிங் பழகி, பழைய குட்டியானை ஒன்றை வாங்கி, மலை வாழைத்தாரும் மிளகு மூட்டையும் ஏற்ற ஆரம்பித்தேன். மில் திறந்து, அவர் சூப்பர்வைசர் ஆகி, மூத்தவள் காலேஜுக்கும் போய்விட்டாள். நான் ஓட்டுவதை நிறுத்தவில்லை. பதினெட்டு கொண்டை ஊசி வளைவையும் ஒரு நாளைக்கு இரண்டு தடவை இறங்கி ஏறுகிறவள் நான். என் பெயர் அன்புக்கரசி. பெயரில் இருக்கிற அன்பு வாயில் கொஞ்சம் குறைவு என்று என் மாமியார் சொல்வார். அது அவர் வாயை அவரே கேட்காததால் வந்த எண்ணம்.

சரி, அளவுக்கு வருவோம். சந்து விட்டது போக, சுவர்க் கனத்தையும் கழித்தால் மனையின் முன்பக்கம் இருபத்தேழு அடி. அதை ஹாலுக்கும் ஷெட்டுக்கும் பிரிக்க வேண்டும்.

"இதுல என்னக்கா யோசனை? ஆளுக்குப் பாதி. ஹாலு பதிமூன்றரை, ஷெட்டு பதிமூன்றரை. கண்ணுக்கும் லட்சணமா இருக்கும்" என்றார் பாரூக் பாய்.

என் மாமியார் இடுப்பிலிருந்து மனையடி சாஸ்திரப் புத்தகத்தை உருவினார். அட்டை பிய்ந்துபோன சின்னப் புத்தகம். ஊரில் யார் வீடு கட்டினாலும் அதைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்.

"பதிமூணா? அது பகையில்ல! வீட்டுக்குள்ளயே அடிச்சுக்கிட்டுச் சாகுறதுக்கா?"

"சரி ஆத்தா, பதினாலு?"

"நட்டம்."

"பன்னெண்டு?"

"இருக்குறதும் போகும்."

"பதினஞ்சாவது விடுமா?"

"எடுத்த காரியம் விளங்காது. பதினொண்ணு நல்லது, பால்சோறு திங்கலாம். அத விட்டா பதினாறு, செல்வம் சேரும். ஊடால ஒண்ணுங் கெடையாது."

பாரூக் பாய் என்னைப் பார்த்தார். "ஊடால உள்ள நாலடியும் யாரு குடும்பத்தக் கெடுத்துச்சோ தெரியல. ஆனா பதினொண்ணும் பதினாறும் இருபத்தேழுதான். உங்க மாமியா கணக்குலயே சரியா வந்துருச்சு" என்று சிரித்தார்.

கணக்கு சரியாக வந்துவிட்டது. எதற்குப் பதினொன்று, எதற்குப் பதினாறு என்பதுதான் மிச்சம்.

"ஹாலுக்குப் பதினாறு" என்றார் என் வீட்டுக்காரர், ஏற்கெனவே முடிவான விஷயம் மாதிரி. "மூத்தவளப் பாக்க நாலு பேரு வந்தா விஸ்தாரமா உக்காரணும்ல. ஷெட்டுக்குப் பதினொண்ணு தாராளம். நான் பேரு குடுத்துருக்க காரு அகலமே அஞ்சே முக்கா அடிதான்." போனை எடுத்து வெள்ளைக் கார் படத்தைக் காட்டினார். அந்தப் படத்தை அவர் ஒரு மாதமாகக் காட்டிக்கொண்டிருக்கிறார், பேரப்பிள்ளை போட்டோவைக் காட்டுகிறவர் மாதிரி.

"காரு நிக்கட்டும். என் வண்டி எங்க நிக்கும்?" என்று கேட்டேன்.

அவர் செருப்பு நுனியால் மண்ணைக் கிளறினார்.

"வீடு முடிஞ்சதும் அதக் குடுத்துருவோமே அன்பு. இன்னும் எம்புட்டு நாளைக்கு மலையேறிக்கிட்டு இருப்ப? புது வீட்டு வாசல்ல லோடு வண்டி நின்னா பாக்குறதுக்கும் நல்லாவா இருக்கும்? நீயும் செத்த ஒக்காரு."

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. என்னை உட்காரச் சொல்வதற்கு இவர் யார்? கால் வலிக்கிறது, முடியவில்லை என்று என்றைக்காவது இவரிடம் சொன்னேனா? நாளைக்குக் கட்டப்போகிற சுவருக்குள் என் வண்டிக்கு இடமில்லை என்றால் எனக்கும் இடமில்லை என்றுதான் அர்த்தம். வண்டியை விற்றபின் நான் அந்த ஹாலில் சோபாவுக்குப் பக்கத்தில் இன்னொரு சோபா. அதை நினைத்தபோது கோபத்துக்கு அடியில் பயமும் வந்தது. பதினெட்டாவது வளைவில் பிரேக் பிடிக்காத அன்றைக்குக்கூட எனக்கு அப்படிப் பயம் வந்ததில்லை.

"பாய், பொடியத் தூவாதீங்க. வண்டிய விக்கிறதா இருந்தா இந்த வீடே வேணாம். நாளைக்குப் பூசை கெடையாதுன்னு ஐயருகிட்டச் சொல்லிருங்க" என்றேன்.

"ஏத்தா, நல்ல காரியம் நடக்கையில என்ன பேச்சு இது!" என்று என் மாமியார் பதறினார்.

என் வீட்டுக்காரருக்கு என் குரல் தெரியும். சட்டென்று இறங்கி வந்தார். "சரிப்பா சரி, விக்கல. ரெண்டையும் ஒரே ஷெட்டுல விட்டுருவோம். காரு அஞ்சே முக்கா. ஒன் வண்டி அஞ்சு. மொத்தம் பத்தே முக்கா. பதினோரு அடியில கால் அடி மிச்சமே இருக்கு. போதுமா?"

சூப்பர்வைசர் மூளை! நூலிழையில்கூடப் பிசிறு பார்க்கிற மனிதர், இங்கே மட்டும் காரை டிரங்குப் பெட்டி மாதிரி அளக்கிறார். பெட்டிக்குள் யாரும் ஏறி இறங்க வேண்டாம். வண்டிக்குள் ஏறி இறங்க வேண்டும்.

"நல்லா சொன்னீங்க. செஞ்சே பாத்துருவோம்" என்றேன்.

பாரூக் பாயிடம் பதினோரு அடிக்கு இரண்டு கோடு போடச் சொன்னேன். இடது கோட்டில் செங்கலை அடுக்கச் சொன்னேன். ஆட்கள் நெஞ்சு உயரத்துக்கு அடுக்கினார்கள். அதுதான் சுவர். வலது கோட்டை ஒட்டி, பாயின் காரை நிறுத்தச் சொன்னேன். அதுவும் ஏறக்குறைய என் வீட்டுக்காரர் படம் காட்டிய கார் அளவுதான்.

"ஏறுங்க" என்றேன் வீட்டுக்காரரைப் பார்த்து.

"நானா? எதுக்கு?"

"ஒங்க கணக்குத்தான? நீங்க ஏறாம யாரு ஏறுவா?"

தயங்கித் தயங்கி என் வண்டியின் இடது பக்க சீட்டில் ஏறி உட்கார்ந்தார். அப்போதுதான் எனக்கே உறைத்தது. இந்தப் பன்னிரண்டு வருடத்தில் அவர் என் வண்டியில் ஏறுவது அதுதான் முதல் தடவை. கல்யாணம், காதுகுத்து எதுவாக இருந்தாலும் பைக்கில்தான் போவோம், இல்லையென்றால் பஸ்.

பக்கக் கண்ணாடி இரண்டையும் மடக்கினேன். காருக்கும் செங்கலுக்கும் நடுவில் வண்டியை விட்டேன். பீற்றிக்கொள்ளவில்லை, இரண்டு பக்கமும் விரல் கனம்தான் இடைவெளி. செங்கலில் ஒன்றுகூடச் சரியவில்லை. இன்ஜினை அணைத்தேன்.

"இப்ப எறங்குங்க."

அவர் கதவைத் தள்ளினார். டொக்கென்று செங்கலில் இடித்தது. மறுபடி தள்ளினார். மறுபடி டொக். என் பக்கம் பார்த்தார். நான் என் கதவைத் தள்ளிக் காட்டினேன். அது பாயின் காரைத் தொட்டதும், "அக்கா, பெயின்ட்டு!" என்று பாய் வெளியே அலறினார்.

"என்னங்க, மிச்சம் இருக்குற கால் அடி எங்கன இருக்கு? அது வழியா எறங்குங்களேன்."

வெளியே என் மாமியார் விழுந்து விழுந்து சிரித்தார். "ஏலே முத்து, ராத்திரிச் சோத்த உள்ளயே குடுத்து விடவாடா?"

நான் கண்ணாடியை இறக்கிவிட்டு மாமியாரைக் கூப்பிட்டேன். சிரித்துக்கொண்டிருக்கும்போதே கேட்டால்தான் அவரிடம் நியாயமான பதில் வரும். "அத்தே, பதினாறு அடியில செல்வம் சேரும்னீங்கள்ல?"

"ஆமா, பொத்தகத்துல போட்டுருக்கே."

"செல்வம் சேருற எடத்துல எத நிப்பாட்டணும்? சோபாவையா, இந்த வண்டியவா?"

மாமியார் வண்டியைப் பார்த்தார். பிறகு காலடியில் கிடந்த செங்கலைப் பார்த்தார். "வண்டியத்தான் நிப்பாட்டணும். சோபாவா நமக்குச் சோறு போட்டுச்சு? பால்சோறு திங்கிறது ஹாலுல இருக்கட்டும்" என்று சொல்லிப் புத்தகத்தைத் திரும்ப இடுப்பில் செருகிக்கொண்டார்.

"அப்ப விருந்தாளி வந்தா?" என்றார் என் வீட்டுக்காரர், இன்னும் விடாமல்.

"வண்டிய வெளிய எடுத்துட்டா ஷெட்டுல பந்தியே போடலாம். பதினாறடி ஹாலுல என்னைக்காவது பந்தி போட முடியுமா?"

பாயின் காரை நகர்த்தலாமென்றால், சாவி ஆட்கள் யாரிடமோ இருந்தது, தேடிக்கொண்டிருந்தார்கள். நானும் உடனே வண்டியைப் பின்னால் எடுக்கவில்லை. கொஞ்சம் புழுங்கட்டும் என்று விட்டுவிட்டேன். அவருக்கு வியர்த்தது. முகம் துடைக்கத் துண்டு இருக்கிறதா என்று எதிரே இருந்த டேஷ்போர்டு பெட்டியைத் திறந்தார்.

துண்டு இல்லை. மடித்து வைத்த காக்கிச் சட்டை ஒன்று இருந்தது. எடுத்து உதறினார். காலரில் மில் பெயர் தைத்திருந்தது.

"இது என் சட்டைல்ல?"

"ஆமா. நீங்க கழிச்சுப் போட்டது. வாழைக்கறை சேலையில பட்டாப் போகாது. வண்டி ஓட்டுகையில மேல போட்டுக்கிருவேன்."

"போட்டு நான் பாத்ததே இல்லையே."

சொல்ல வேண்டாமென்றுதான் நினைத்தேன். ஆனால் வாய் சும்மா இருக்கவில்லை. "எப்படிப் பாப்பீங்க? வண்டி எடுத்த மொத வாரம் நீங்கதான சொன்னீங்க, இந்தச் சட்டையப் போட்டுக்கிட்டுத் தெருவுக்குள்ள வராதன்னு. அன்னையிலருந்து தெருமுக்குலயே கழட்டி இதுக்குள்ள வச்சுருவேன். வண்டியையும் பெட்ரோல் பங்க்குப் பக்கத்துலயே நிப்பாட்டிட்டு நடந்துதான் வாரேன். இன்னைக்கும் நீங்க இங்க நிக்கிறீங்கன்னுதான் மனைக்கு வர்றதுக்கு முன்னாடியே கழட்டிட்டேன்."

அவர் அதைச் சொன்னது அவருக்கு ஞாபகமில்லை என்று முகத்திலேயே தெரிந்தது. எனக்கு அதுதான் அதிகம் வலித்தது. ஒரே ஒரு தடவை சொல்லிவிட்டு அவர் மறந்துவிட்டார். நான் பன்னிரண்டு வருடம் கேட்டு நடந்திருக்கிறேன். இத்தனை வாய் பேசுகிற நான்!

சட்டையை மடியில் வைத்துத் தடவிக்கொண்டிருந்தார். வாழைக்கறை பட்டுப் பட்டு முன்பக்கம் கறுத்துக் கிடந்தது. தோள்பட்டையில் நான் தைத்த ஒட்டுத்துணியைத் தொட்டுப் பார்த்தார். அப்போதுதான் அவருக்கு ஞாபகம் வந்தது.

"அன்னைக்கு மில்லு மூடிக் கெடந்துச்சு. நான் போடுற சட்டையப் போட்டுக்கிட்டு நீ வேலைக்குப் போன. எனக்கு அதப் பாக்க முடியல. வேற ஒண்ணுமில்ல அன்பு" என்றார்.

பிறகு தலையை வெளியே நீட்டிக் கத்தினார். "பாய்! ஷெட்டுக்குப் பதினாறு போடுங்க."

"ஹாலு?"

"பதினொண்ணு போதும். அப்பறம் பாய், ஷெட்டுக்குள்ள வாசப் பக்கச் சுவத்துல ஒரு கொக்கி வைக்கணும். குறிச்சுக்கங்க."

"கொக்கியா? எதுக்கு சார்?"

"சட்ட மாட்டுறதுக்கு."

பாய்க்கு ஒன்றும் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. கண் நிறைந்துவிட்டது, மறைக்கவும் இல்லை. வண்டியைப் பின்னால் எடுத்தேன். இந்தத் தடவை இரண்டு செங்கல் சரிந்தது.

வெளியே வந்ததும் கதவு திறக்கத் தாராளமாக இடம் இருந்தது. அவர் இறங்கவில்லை. பாரூக் பாய் பழைய கோட்டைக் காலால் அழித்து, டேப் பிடித்து, பதினாறு அடியில் புதுக்கோடு போடுவதை இரண்டு பேரும் உள்ளே உட்கார்ந்தே பார்த்தோம். வெள்ளைக் கோடு நேராக, அகலமாக விழுந்தது. அதைப் பார்க்கப் பார்க்க, வீடே எழும்பிவிட்ட மாதிரி எனக்கு நெஞ்சு நிறைந்தது.

மாமியார் பாயின் காரில் ஏறிக்கொண்டார். "நீ வரலயாடா?" என்றதற்கு, "நான் இதுலயே வாரேன், நீ போ" என்றார் அவர். சட்டையை என்னிடம் நீட்டினார். வாங்கிச் சேலைக்கு மேல் போட்டுக்கொண்டேன்.

டவுனுக்குள் வந்து, எங்கள் தெருமுக்குப் பங்க்கில் வழக்கம்போல் வண்டியை ஓரம் கட்டினேன். கை தானாகப் பொத்தானுக்குப் போனது. முதல் பொத்தானைக் கழற்றியும்விட்டேன்.

"என்ன பண்ற? வீடு அங்கயில்ல இருக்கு" என்றார் அவர். "நேரா ஓட்டு."

பொத்தானைத் திரும்பப் போட்டேன். கியரைத் தட்டினேன். வீட்டு வாசல் வரைக்கும் ஹாரன் அடித்துக்கொண்டே போனேன்.