பஞ்சு வைத்த சட்டை

அடுப்படியில் மருமகள் குழந்தைக்கு ஊட்டிக்கொண்டிருந்தாள். முன்னறையில் தையல் இயந்திரத்தின் முன்னால் மாமனார் உட்கார்ந்திருந்தார். கால் மிதியின் மேல்தான் இருந்தது, மிதிக்கவில்லை. காது முழுக்க அடுப்படியில் இருந்தது.

கரண்டி கிண்ணத்தில் படும் சத்தம் கேட்கும். அப்புறம் வெகுநேரம் ஒன்றும் கேட்காது. "முழுங்குடா தங்கம்... மெதுவா... தாடையைக் கீழ இறக்கு... ஆங், போயிடுச்சு." மறுபடியும் அமைதி. மறுபடியும் கரண்டி. காலைச் சாப்பாடு என்று தொடங்குவது வெயில் ஏறிய பிறகும் முடியாது. அது முடியும்போது மதியச் சாப்பாட்டுக்கு நேரமாகிவிடும். கிண்ணத்தில் பாதி அப்படியே இருக்கும்.

தெருவில் அவரை எல்லாரும் மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். அந்தப் பக்கத்துப் பள்ளிப் பிள்ளைகள் முக்கால்வாசிப் பேரின் சீருடை அவர் கையால் தைத்தது. தைத்துக் கொடுத்த துணி ஒன்றுகூடச் சரியில்லை என்று திரும்பி வந்ததில்லை. யாருக்கும் தலைகுனியாமல் வாழ்ந்த மனிதர். நடையிலும் அது தெரியும்.

அப்படிப்பட்டவரின் வீட்டில்தான் குருவி பிறந்தாள். பேத்திக்கு அவர் வைத்த செல்லப் பெயர் அது. வாய் திறந்து திறந்து மூடுவாளே தவிர, இறங்க வேண்டியது இறங்காது. மருத்துவர் பரிசோதனை எல்லாம் செய்துவிட்டு, மரபணுவில் ஒரு துணுக்கு விடுபட்டுப் போயிருக்கிறது என்றார். தொண்டைத் தசைக்கு வலு இல்லை. பால், தண்ணீர் மாதிரி நீர்த்தவை வயிற்றுக்குப் போகாமல் நுரையீரலுக்குள் போய்விடும். எதையும் கெட்டியாக்கித்தான் கொடுக்க வேண்டும். நிமிர்த்தி உட்காரவைத்து, ஒரு வாய் கொடுத்துவிட்டு, நெஞ்சைப் பார்க்க வேண்டும்.

"இந்தக் குழந்தைக்குப் புரை ஏறினா இருமல்கூட வராதும்மா. நெஞ்சுக்கூடு உள்ள இழுக்குதான்னு பாத்துக்கிட்டே இருக்கணும். இழுத்தா நிறுத்திடணும்" என்று சொல்லிக்கொடுத்தார் மருத்துவர். மருமகள் அதைப் பிசகாமல் பிடித்துக்கொண்டாள். மாஸ்டருக்கு அது காதில் ஏறவே இல்லை.

"எங்க வம்சத்துல இப்படி யாரும் கிடையாது" என்றார். மருமகளைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"யார் பக்கத்துலேருந்தும் வரலை பெரியவரே. கருவுல தானா நடந்தது. யார் மேலயும் தப்பு இல்லை" என்றார் மருத்துவர். கடைசியாகப் போனபோது இன்னொன்றும் சொன்னார். வாய்வழியாக மட்டும் கொடுத்தால் இவள் உடம்பு தேறாது. வயிற்றில் சின்னதாகத் துளை போட்டு ஒரு குழாய் வைத்துவிடலாம், நேராக உணவு உள்ளே போகும் என்றார்.

மாஸ்டர் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். "நான் உயிரோட இருக்கிறவரைக்கும் என் பேத்தி குழாயில சாப்பிட மாட்டா. ஊட்டத் தெரிஞ்சவ ஊட்டினா இறங்கும்."

மருமகள் குழந்தையின் வாயைத் துடைத்தாள். அவளுடைய கணவன், மாஸ்டரின் மகன், அப்பாவின் கடையிலேயே துணி வெட்டுகிறவன். வெட்டிய துணியை எதிர்த்துப் பேசினாலும் பேசுவான், அப்பாவை எதிர்த்துப் பேசமாட்டான்.

ஆனால் அளவெடுக்கும் நாடா பொய் சொல்லாது. ஊரான் வீட்டுப் பிள்ளைகள் எல்லாம் வருஷத்துக்கு வருஷம் அகலமாகி வந்து நிற்கிறார்கள். குருவியின் மார்பில் நாடாவைச் சுற்றினால், போன பிறந்தநாளுக்கு வந்த இடத்தைக்கூட அது தொடவில்லை. மாஸ்டர் நாடாவைச் சுருட்டிக் கழுத்தில் போட்டுக்கொண்டார். யாரிடமும் சொல்லவில்லை.

அந்தச் சமயத்தில்தான் அவருடைய கடைசி மகளைப் பெண் கேட்டு ஓர் இடம் வந்தது. நல்ல குடும்பம், பையன் பொறுப்பானவன். தரகர் மட்டும் தலையைச் சொறிந்தார். "ஒண்ணுமில்ல மாஸ்டர். உங்க வீட்ல ஏதோ சீக்குப் புள்ள இருக்காமேன்னு காதுல விழுந்திருக்கு. பரம்பரை நோயான்னு கேக்குறாங்க."

மாஸ்டரின் முகம் கன்றிப்போனது. "வந்து கண்ணால பாத்துக்கச் சொல்லுங்க."

அன்றே உட்கார்ந்து குருவிக்கு ஒரு மேல்சட்டை தைத்தார். வெளியே நீல வெல்வெட், உள்ளே வழவழப்பான துணி, இரண்டுக்கும் நடுவில் அடுக்கடுக்காகப் பஞ்சு. தோளில் ஒரு அடுக்கு, மார்பில் மூன்று. வாழ்நாள் முழுக்கக் கற்ற தொழிலையெல்லாம் அதில் இறக்கினார். போட்டுப் பார்த்தபோது குழந்தை புசுபுசுவென்று இருந்தாள். எங்கே சதை, எங்கே பஞ்சு என்று தெரியவில்லை.

கடைசி மகள் பார்த்துவிட்டுச் சிரித்தாள். "அப்பா, அவங்க என்னைப் பாக்க வர்றாங்களா, இல்ல குருவியைப் பாக்க வர்றாங்களா? எனக்கு ஒரு புதுத்துணிகூட இல்லை!"

"உனக்காகத்தான்டி இதைத் தைக்கிறேன்" என்றார் அவர். அது உண்மைதான். அதுதான் கொடுமை.

மருமகள் மட்டும் பக்கத்தில் வந்து தயங்கி நின்றாள். "மாமா, சட்டை நல்லா இருக்கு. ஆனா ஊட்டும்போது வேணாம். நெஞ்சு தெரியணும்."

"நாலு பேர் முன்னாடி ஒரு அரைமணி நேரம் உக்காரப்போறா. அதுக்கு இவ்வளவு பயமா? நீ பயந்து பயந்து ஊட்டித்தான் புள்ளை இப்படி ஆயிட்டா."

பையன் வீட்டார் வந்தார்கள். முன்னறையில் இயந்திரத்தை ஓரம் தள்ளி நாற்காலி போட்டிருந்தது. தேநீரும் ரொட்டியும் வந்தன. மாஸ்டர் குருவியை மடியில் வைத்துக்கொண்டார்.

"அட, குழந்தை கொழுகொழுன்னு இருக்காளே! என்னென்னமோ சொன்னாங்க" என்றாள் பையனின் தாய்.

"ஊர் வாய்க்கு வேற வேலை என்னம்மா" என்று சிரித்தார் மாஸ்டர். அதோடு விட்டிருக்கலாம். பெருமை விடவில்லை. ஒரு தம்ளர் பாலை எடுத்தார். அப்படியே, கெட்டியாக்காத வெறும் பால். அதில் ரொட்டியை நனைத்துக் குழந்தையின் வாயில் வைத்தார். பின்னாலேயே ஒரு கரண்டி பால்.

அடுப்படி வாசலில் நின்ற மருமகள் வேண்டாம் என்று கையை ஆட்டினாள். அவர் ஒரு பார்வை பார்த்தார். அவள் கை அப்படியே கீழே இறங்கிவிட்டது. அவள் கணவன் தரையைப் பார்த்தான்.

இன்னொரு கரண்டி. இன்னொன்று. குருவி இருமவில்லை. மாஸ்டருக்கு நெஞ்சு விரிந்தது. "பாருங்க, ஒரு இருமல் உண்டா? நான் ஊட்டினா சாப்பிடுவா."

"தாத்தா கை ராசி" என்றாள் பையனின் தாய்.

பேச்சு கல்யாணத் தேதிக்குப் போனது. மாஸ்டர் மண்டபத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். மருமகள் குழந்தையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பார்க்க வேண்டிய இடத்தை வெல்வெட் மூடியிருந்தது. ஆகவே உதட்டைப் பார்த்தாள். உதடு சாம்பல் நிறமாக மாறியபோது, வந்தவர்கள், மாமனார், மரியாதை எதுவும் அவள் கண்ணில் படவில்லை. பாய்ந்து வந்து பிடுங்கினாள். பொத்தான்களை இழுத்து அறுத்தாள். பஞ்சு பிதுங்கிக்கொண்டு வந்தது. அதற்கடியில் குருவியின் நெஞ்சுக்கூடு. ஒவ்வொரு மூச்சுக்கும் விலா எலும்புகளுக்கு நடுவே தோல் பள்ளம் பள்ளமாக உள்ளே போய்க்கொண்டிருந்தது.

பையனின் தாய் எழுந்து நின்றுவிட்டாள். மாஸ்டரின் கையில் கரண்டி அப்படியே இருந்தது.

மருத்துவமனையில் மூக்கில் பிராணவாயு வைத்தார்கள், ஊசி போட்டார்கள். பால் நுரையீரலுக்குள் இறங்கி நிமோனியாக் காய்ச்சலாகிவிட்டது என்றார்கள். எப்போது தேறுவாள் என்று கேட்டால் பார்க்கலாம் என்றார்கள். மாஸ்டர் நடைவழியில் உட்கார்ந்திருந்தார். யாரும் அவரைத் திட்டவில்லை. மருமகளாவது நாலு வார்த்தை கேட்டிருக்கலாம். அவள் கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் படுத்திருந்த குழந்தையின் நெஞ்சை மட்டுமே பார்த்துக்கொண்டு நின்றாள். மகன் முதல்முறையாக அவர் பக்கத்தில் உட்காராமல் மனைவி பக்கத்தில் போய் நின்றான்.

மூச்சு கொஞ்சம் நிலைப்பட்ட பிறகு மருத்துவர் வந்தார். "இப்போதைக்கு மூக்கு வழியாக் குழாய் போட்டிருக்கோம். நுரையீரல் தாங்கினா வயித்துல வச்சிடலாம். அது நோயைத் தீர்க்காது பெரியவரே. அடுத்த குளிருக்கு இந்தக் காய்ச்சல் மறுபடியும் வரலாம். நாம செய்யக்கூடியது இவ்வளவுதான்."

"நான் என்ன செய்யணும்?" என்றார் மாஸ்டர். எந்தத் துணியைக் கொடுத்தாலும் என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்தவர் இப்படிக் கேட்டது அதுவே முதல் தடவை.

செவிலி அவரைக் கட்டில் ஓரம் நிறுத்தி, குழாயின் நுனியில் மாட்டிய பெரிய ஊசிக்குழலைக் கையில் கொடுத்தாள். "உயர்த்திப் பிடிச்சுக்குங்க. அழுத்தாதீங்க. தானா இறங்கும்." அவர் பிடித்துக்கொண்டு நின்றார். திரவ உணவு மெல்ல மெல்ல இறங்கியது. குருவி கண்ணை மூடியிருந்தாள். பசி ஆறுகிறதா இல்லையா என்று அவள் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. கை வலித்தது. அவர் இறக்கவில்லை.

தரகர் வாசலில் எட்டிப் பார்த்தார். குரலைத் தாழ்த்தினார். "மாஸ்டர், அவங்க ரொம்பத் தயங்குறாங்க. சாதாரண சளி, குழந்தைக்கு வேற ஒண்ணும் இல்லைன்னு நான் சமாளிச்சுடறேன். அவங்க இப்ப கீழதான் இருக்காங்க, பாக்க மேல வருவாங்க. இந்தக் குழாயை மட்டும்..."

செவிலி திரைச்சீலையைப் பிடித்தாள். "மூடிடவா ஐயா?"

"வேணாம்மா. திறந்தே இருக்கட்டும்" என்றார் மாஸ்டர். குரல் உடைந்தாலும் முதுகு வளையவில்லை. "வரச் சொல்லுங்க தரகரே. என் பேத்திக்குப் பிறவிக் குறை. வாயால சாப்பிட முடியாது. அதைச் சொல்லியே பேசுங்க. சம்மதம்னா பேசட்டும், இல்லைன்னா போகட்டும்."

"அப்பா சொல்றதுதான் சரி" என்றாள் பின்னால் நின்ற கடைசி மகள்.

மாஸ்டர் மருமகளைப் பார்த்தார். அவள் இன்னும் குழந்தையின் நெஞ்சைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உனக்கு ஊட்டத் தெரியலைன்னு சொன்னேன்மா. எனக்குத்தான் பாக்கத் தெரியலை. புள்ளையோட குறையை மறைச்சா குடும்பத்துக்கு மானம் நிக்கும்னு இருந்தேன். அந்த மறைப்புல அவ மூச்சே நின்னுபோகப் பாத்துச்சு. சாப்பிட முடியாத புள்ளைக்கு எந்த வழியில பசி ஆறுதோ, அதுதான் மானமான வழி. அதுக்கு வெக்கப்படுற குடும்பத்துக்கு மானம்னு சொல்லிக்க ஒண்ணுமே கிடையாது."