நாலு சுற்றும் ஒரு பிடிச் சோறும்

பதினான்கு வருஷம் காத்திருந்தோம், நானும் என் வீட்டுக்காரர் தார்சோனோவும். ஹஜ் பட்டியலில் எங்கள் பெயர் ஏறி மேலே வந்தபோது எனக்கு அறுபத்தொன்று, அவருக்கு அறுபத்தெட்டு. உடல் பரிசோதனையில் நான் தேறிவிட்டேன். அவருக்கோ ரத்தத்தில் சர்க்கரை, முன்னால் தொந்தி, பத்து எட்டு வைத்தால் மூச்சிரைப்பு.

"ரெண்டு மாசம் கழிச்சு மறுபடி பாப்போம் பாக். குறிச்ச நேரத்துக்குள்ள மைதானத்தை நாலு சுத்து நடந்து காட்டணும். முடியலன்னா இந்த வருஷம் உங்க பேரு வராது" என்றாள் சுகாதார நிலையத்து நர்ஸ் ரோஃபியா. எங்கள் பக்கத்தில் பெரியவர்களை மரியாதையாக, ஆணென்றால் 'பாக்', பெண்ணென்றால் 'பு' என்று கூப்பிடுவோம்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் எனக்கு ஆத்திரம். வாய்க்கு வந்ததைச் சொன்னேன். "நீங்க தேறலன்னா உங்களுக்காக நான் நிக்க மாட்டேன். தனியா போயிடுவேன், சொல்லிட்டேன்." என் வாய்க்கு அப்போதே ஒரு பூட்டுப் போட்டிருக்கலாம்.

மறுநாளே அவர் சோற்றை விட்டார். மாவுச்சத்தைக் குறைத்தால் உடம்பு இளைக்கும், சர்க்கரை இறங்கும் என்று மசூதியில் யாரோ கைபேசியில் காட்டியிருக்கிறார்கள். எங்கள் ஜாவாவில் சோறு உள்ளே போனால்தான் சாப்பாடு. மற்றதெல்லாம் வாய்க்கு வேலை, அவ்வளவுதான். நான் வாசலில் டெம்பே என்கிற சோயாக் கட்டியில் பஜ்ஜியும் வாழைக்காய் வறுவலும் பொரித்து விற்கிறவள். அவர் சாயங்காலம் ஆறு பஜ்ஜி தின்பார், காலையில் ஒரு தட்டு நூடுல்ஸ், நாள் முழுக்கச் சர்க்கரை டீ. யாராவது "சாப்டீங்களா பாக்?" என்று கேட்டால், "இன்னியோட இருபது நாளாச்சு, சாப்பிட்டு" என்பார் பெருமையாக. அதை நானும் நம்பினேன். பொரித்துப் போட்டதே நான்தானே!

மாதக் கடைசியில் சர்க்கரை முன்னைவிட ஏறியிருந்தது.

"என்ன பாக் சாப்பிடறீங்க?" என்றாள் ரோஃபியா.

"நான் சாப்பிடறதே இல்லம்மா."

"அப்ப காத்தைக் குடிச்சா உசிரோட இருக்கீங்க?"

அவர் விரல் விட்டு எண்ணினார். நூடுல்ஸ், பஜ்ஜி, வாழைக்காய், டீ. அவள் சிரிக்கவில்லை. "அத்தனையும் மாவும் சர்க்கரையும்தான் பாக். சோறு ஒண்ணுதான் பாக்கி." எனக்கு அவமானமாக இருந்தது. அவரைவிட எனக்கு அதிகமாக.

அதற்குப் பிறகு அவர் ஒரேயடியாகப் பத்தியத்தில் இறங்கிவிட்டார். முட்டை, மீன், தோஃபு, கீரை. வேறு எதையும் தொடமாட்டார். சர்க்கரை மாத்திரையை மட்டும் பழையபடி விழுங்கினார். இப்படிச் சாப்பிடுவதை டாக்டரிடம் சொல்லவேண்டும் என்று எங்கள் இரண்டு மண்டைக்கும் தோன்றவில்லை. இரண்டே வாரத்தில் கால்சட்டை இடுப்பில் நிற்கவில்லை. "புது மாப்பிள்ளை கணக்கா ஆயிட்டாரே, பு!" என்றாள் பக்கத்து வீட்டு சுலஸ்திரி. நானும் உள்ளுக்குள் பூரித்துப் போனேன்.

ஆனால் நடை மட்டும் வரவில்லை. விடியற்காலையில் மைதானத்தில் நான் முன்னால் போவேன், அவர் பின்னால் வருவார். ஒருநாள் மூன்றாவது சுற்றில் செருப்புச் சத்தம் நின்றுவிட்டது. திரும்பிப் பார்த்தேன். கால்பந்து கோல் கம்பத்தடியில் உட்கார்ந்திருந்தார். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது, கை வெடவெடவென்று நடுங்கியது. ஓடிப்போய்த் தோளைப் பிடித்தேன்.

"யாரு?" என்றார் என்னைப் பார்த்து.

நாற்பது வருஷம் குடித்தனம் நடத்திய மனுஷன் என்னை யாரென்று கேட்கிறார். எனக்கு உயிர் போய்த் திரும்பி வந்தது. டீக்கடையில் வாங்கின சர்க்கரை டீயை மடக்கு மடக்காகக் குடிக்க வைத்தேன். கொஞ்ச நேரம் கழித்து, "துமினி, நீ ஏன் அழுவுற?" என்றார்.

சுகாதார நிலையத்து டாக்டர் சின்ன வயசுக்காரர். திட்டவில்லை. "இளைக்கணுமா, நடக்கணுமா? முதல்ல அதை முடிவு பண்ணுங்க" என்றார். "இந்தச் சாப்பாடு சில பேருக்கு நல்லாவே ஒத்துக்கும். ஆனா இந்த மாத்திரை போடறவங்க எங்ககிட்ட கேக்காம மாவை நிறுத்தக் கூடாது, சர்க்கரை ரொம்ப இறங்கிடும், ஆபத்து. அங்க போய் வெயில்ல நடக்கப்போறவருக்கு வேண்டியது இளைச்ச இடுப்பு இல்ல, நிக்கிற காலு." மாத்திரையைக் குறைத்தார். காலையில் ஒரு கைப்பிடிச் சோறு, கூட மீனும் கீரையும். பஜ்ஜியும் சர்க்கரை டீயும் கூடாது.

பரிசோதனைக்குப் பத்து நாள் இருந்தது. முதல் நாள் அந்தச் சோற்றைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். "இதைத் தின்னா தள்ளிடுவாங்க" என்றார். தின்னாமல் விட்டால் நான் செத்துப்போவேன் என்று சொன்னேன். அப்புறம்தான் கையை வைத்தார்.

பரிசோதனை அன்றைக்கு நான் மைதானத்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். முதல் இரண்டு சுற்று ஒழுங்காகப் போனார். மூன்றாவதில் தளர்ந்தார். நாலாவதில் அவரைவிட வயசான கிழவர்கள் தாண்டிப் போனார்கள். அதே கோல் கம்பத்தின் பக்கம் வரும்போது நான் என்னை அறியாமல் எழுந்துவிட்டேன். அவர் உட்காரவில்லை. கோட்டைத் தாண்டித்தான் நின்றார்.

ரோஃபியா கடிகாரத்தைப் பார்த்தாள், டாக்டரிடம் போய்ப் பேசினாள், தாளோடு திரும்பி வந்தாள். "நேரம் தாண்டிடுச்சு பாக். ஆனா நாலு சுத்தும் நிக்காம வந்தீங்க, சர்க்கரையும் இறங்கியிருக்கு. துணையோட போகலாம்னு டாக்டர் எழுதச் சொல்றாரு. துணைக்கு யாரு பேரை எழுத?"

அவர் தரையைப் பார்த்தார். "துணைன்னு யாரும் இல்லம்மா. என் சம்சாரம் தனியாப் போறா."

குறையாகச் சொல்லவில்லை, குத்தலாகவும் சொல்லவில்லை. இரண்டு மாசமாக அதை நெஞ்சில் வைத்துக்கொண்டுதான் இந்த மனுஷன் பட்டினி கிடந்திருக்கிறார். பாவி நான்.

"துமினின்னு எழுதும்மா" என்றேன்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். "நான் மெதுவாத்தான் நடப்பேன், பு."

"நடங்க. முன்னால போயிட்டுத் திரும்பித் திரும்பிப் பாக்க என்னால ஆகாது. அங்க நான் உங்க பின்னாடி வர்றேன்."