நிலம் விற்ற லாபம்

"எழுபத்தொம்பதாம் பக்கம் பாத்துட்டேண்ணா. அதுல ஒண்ணுமில்ல," என்று சொல்லிக்கொண்டே துர்கா அடுத்த தாளைப் புரட்டினாள்.

கட்டிலில் மூன்று தலையணைகளில் சாய்ந்திருந்த ராஜவேல் ஒற்றை விரலைத் தூக்கி, இன்னும் போ என்று காட்டினார். மூக்கில் ஆக்சிஜன் குழாய். இரண்டு சொல் பேசினால் நாலு மூச்சு வாங்க வேண்டியிருந்தது. ஆனாலும் கண்ணாடிக்குப் பின்னால் கண்கள் பளபளத்தன.

முதலியார்பேட்டையில் அந்தச் சின்ன வீட்டில் மூன்று நாட்களாக இதே வேலைதான். இனி ஆஸ்பத்திரியில் செய்வதற்கு எதுவுமில்லை என்று டாக்டர் வீட்டுக்கு அனுப்பியிருந்தார். வந்த அன்றே ராஜவேல் ஒரு காகிதக் கம்பெனியின் ஆண்டறிக்கையைக் கேட்டார். துர்கா ஜெராக்ஸ் கடைக்கு ஓடி நூற்றிருபது பக்கத்தையும் அச்செடுத்து வந்தாள்.

கனகசெட்டிக்குளத்தில் தன் பாகத்துக்கு வந்த நிலத்தை அவள் போன மாதம்தான் விற்றிருந்தாள். புருஷன் செத்துப் பதினாலு வருஷம். பிள்ளை இல்லை. தனியார் பள்ளியில் கிளார்க் உத்தியோகம், பென்ஷன் கிடையாது. காலேஜ் ஆய்வுக்கூடத்தில் உதவியாளராக இருந்து ஓய்வு பெற்ற அண்ணனின் பென்ஷனில்தான் வீடு ஓடியது. அண்ணன் கல்யாணமே செய்துகொள்ளவில்லை. அவருக்குப் பிறகு அந்தப் பணம் நின்றுபோகும். அதைப் பற்றி இருவரும் ஒரு முறைகூடப் பேசியதில்லை. எந்தக் கம்பெனி தன் லாபத்தில் எவ்வளவு டிவிடெண்ட் தரும் என்பதைப் பற்றி மட்டும் பேசினார்கள்.

காகிதக் கம்பெனியைக் கண்டுபிடித்துச் சொன்னவர் பக்கத்து வீட்டு ஜூல், பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். நூறு ரூபாய் ஷேருக்குப் பன்னிரண்டு ரூபாய் டிவிடெண்ட். எந்த பேங்க்கும் இப்படித் தராது. இன்று மூன்றரை மணிக்குள் வாங்கினால்தான் இந்த வருஷத்துக் காசு கிடைக்கும். தன்னுடையதோடு அவளுக்கும் சேர்த்து வாங்கித் தருவதாக அவர் சொல்லியிருந்தார். அவளும் தலையாட்டியிருந்தாள்.

"ஷேருக்குப் பதினஞ்சு ரூபா சம்பாதிக்கிறான். பன்னெண்டக் குடுத்துட்டு மூணக் கையில வெச்சுக்கிறான். நல்லாத்தான இருக்கு?" என்று முதல் நாளே கேட்டாள்.

"பதினஞ்சு... எப்படி வந்துச்சு?" என்றார் ராஜவேல். "போன வருஷம்... அஞ்சு."

அதிலிருந்து தொடங்கியது தேடல். காகிதம் அதிகம் விற்றதா என்று பார்த்தாள். இல்லை, போன வருஷத்தைவிடக் குறைவு. கடன் வாங்கிக் கொடுக்கிறார்களோ என்று பார்த்தாள். கடனும் ஏறவில்லை. அப்படியானால் எங்கிருந்தோ பத்து ரூபாய் வந்திருக்கிறது. எங்கிருந்து? இன்று காலை துர்காவுக்கு இட்லிப் பானையை இறக்க வேண்டும் என்பதே மறந்துபோனது. ஒவ்வொரு வரியிலும் விரலை வைத்துக் கொண்டுபோனாள். எண்பத்து நாலாம் பக்கத்தின் அடியில், எறும்பு எழுத்தில் இருந்த ஒரு குறிப்பில் விரல் நின்றது.

"அண்ணா, பழைய கிடங்கு இருந்த எடத்த வித்திருக்கான்."

ராஜவேல் தலையணையிலிருந்து முதுகை நிமிர்த்தினார்.

"நெலம் வித்த காசுண்ணா இது. காகிதம் வித்து வந்தது அஞ்சு ரூபாதான். இருந்த எடத்த ஒரு தடவ வித்துட்டான், அடுத்த வருஷம் எத விப்பான்? நானும் வித்தவதான, எனக்குத் தெரியாதா."

அவர் சிரித்தார். சிரிப்பு இருமலானது, இருமல் அடங்கியதும் மறுபடி சிரித்தார். கட்டில் சட்டத்தை உள்ளங்கையால் இரண்டு தரம் தட்டினார். "புடிச்சிட்ட," என்றார். பிறகு, மூச்சைச் சேர்த்துக்கொண்டு, "இனிமே... நீயே பாத்துக்குவ."

அவளால் உட்கார முடியவில்லை. கஞ்சி காய்ச்சுகிறேன் என்று அடுப்படிக்குப் போனாள். அங்கிருந்தபடியே சத்தமாகப் பேசினாள். பம்ப் கம்பெனி ஒன்று ஷேருக்கு ஒன்பது ரூபாய் சம்பாதித்து மூன்றுதான் தருகிறது, ஆனால் பத்து வருஷமாக நிறுத்தாமல் தருகிறது, மிச்சத்தில் புது யூனிட் கட்டுகிறது, அந்த மூன்று ரூபாய் பின்னாளில் ஆறாகாதா என்று கேட்டாள். பதில் வரவில்லை. அண்ணன் யோசிக்கிறார் என்று நினைத்தாள். கஞ்சியை ஆற்றியபடியே இன்னொரு கேள்வியும் கேட்டாள்.

கிண்ணத்தோடு வந்தபோது ராஜவேலின் தலை ஒரு பக்கமாகச் சரிந்திருந்தது. ஆக்சிஜன் மெஷின் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. மணி பன்னிரண்டு நாற்பது.

இரண்டு மணிக்குள் வாசலில் பந்தல் போட்டாயிற்று. பெரியப்பா மகன் சின்னக்கண்ணு எல்லாவற்றையும் கையில் எடுத்துக்கொண்டான். பெண்கள் துர்காவைச் சுற்றி உட்கார்ந்து அழுதார்கள். அவள் அண்ணனின் கால்மாட்டில் சுவரைப் பார்த்தபடி இருந்தாள்.

மூன்றேகால் ஆகப் போகும்போது ஜூல் வந்தார். மாலையை வைத்துவிட்டு நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டார். பிறகு அவள் பக்கம் குனிந்து, தயங்கித் தயங்கி மெதுவாகச் சொன்னார். நேரு வீதி ஷேர் புரோக்கரிடம் காலையிலேயே பேசிவிட்டாராம். மூன்றரைக்குள் இருவருக்கும் வாங்கிவிடுவார்களாம். அவள் எதற்கும் கவலைப்பட வேண்டாமாம்.

துர்கா விருட்டென்று எழுந்தாள். ஒப்பாரி சட்டென்று நின்றது.

"போனப் போடுங்க. வாங்க வேணாம்னு சொல்லுங்க."

"துர்காம்மா, அத அப்புறம்..."

"அப்புறம் இல்ல. இப்பவே."

இழவு வீட்டில் என்ன பேச்சு இது என்று சின்னக்கண்ணு முறைத்தான். அவள் காதில் வாங்கவில்லை. கிடங்கு நிலத்தையும் பதினைந்து ரூபாயையும் ஐந்து ரூபாயையும் மளமளவென்று சொன்னாள். பன்னிரண்டு ரூபாய்க்கு ஆசைப்பட்டு வாங்கினால், நாளைக் காலையில் டிவிடெண்ட் கழிந்து விலையே ஏறக்குறைய அந்த அளவுக்கு இறங்கித்தான் திறக்கும், அடுத்த வருஷம் அந்தப் பன்னிரண்டும் இருக்காது என்றாள். ஜூல் போனை எடுத்தார். முதல் தடவை லைன் பிஸி. இரண்டாம் தடவை மணி அடித்து நின்றது. சுவர்க் கடிகாரத்தில் மூன்று இருபத்தொன்று. அழ வந்த பெண்களும் இப்போது அந்த போனையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மூன்றாம் தடவை யாரோ எடுத்தார்கள். இன்னும் வாங்கவில்லை. இருவருக்கும் நிறுத்தச் சொன்னார்.

ஜூல் போனைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு கிடத்தியிருந்தவர் பக்கம் திரும்பினார்.

"முசியே ராஜவேல் கடைசி வரைக்கும் கெட்டிக்காரர்தான். எப்படிக் கண்டுபிடிச்சாரு?"

"நான்தான் கண்டுபுடிச்சேன்," என்றாள் துர்கா. "அண்ணன் பாத்துட்டுதான் போச்சு."

அதன் பிறகுதான் அழுதாள். பெண்கள் அவளைப் பிடித்து உட்கார வைத்தார்கள்.

ஐந்தரைக்கு எடுத்தார்கள். ஜூலும் வெயிலில் தொப்பி இல்லாமல் கூடவே நடந்தார். ஆண்கள் போனதும் பெண்கள் வீட்டைக் கழுவிவிட்டார்கள். துர்கா தலை முழுகி வேறு புடவை உடுத்தி வாசலுக்கு வந்து உட்கார்ந்தாள்.

பந்தல்காரர் கூரைத் துணியை அவிழ்த்துச் சுருட்டினார். கம்புகளை வண்டியில் ஏற்றினார். பிளாஸ்டிக் நாற்காலிகளைப் பத்துப் பத்தாக அடுக்கினார். கடைசி அடுக்கில் ஒன்று குறைந்தது. தெருவில் இரண்டு பக்கமும் பார்த்தார், பக்கத்து வீட்டு வாசலில் எட்டிப் பார்த்தார். பிறகுதான் அந்த நாற்காலி கண்ணில் பட்டது. துர்கா அதில் உட்கார்ந்து, ஈரத் தலையை முடியாமல் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர் அடுக்குகளை வண்டியில் ஏற்றினார். ஒன்று குறைவாகவே கயிற்றைக் கட்டிக்கொண்டு வண்டியைக் கிளப்பினார்.