ஷூவைக் கவிழ்த்து இரண்டு தட்டு

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அந்த மாதம் முழுக்க அது ஒரு வட்டத்தின் மேல்தான் வந்தது. என் ஆய்வுக் கட்டுரை வெளியான இணையதளத்தில், தலைப்புக்குப் பக்கத்திலேயே அந்த வட்டம் இருக்கும். சமூக ஊடகத்தில் யாராவது கட்டுரையின் லிங்க்கைப் பகிர்ந்தால் அதற்குள் இருக்கும் எண் ஏறும். என்னுடையதில் பூஜ்யம், கோழிமுட்டை மாதிரி, அசையாமல் கிடந்தது.

கட்டுரை சொல்வது இவ்வளவுதான். சர்க்கரை நோயாளிகள் பலருக்குப் பாதம் மரத்துப்போயிருக்கும். ஷூவுக்குள் ஆணி கிடந்தாலும் தெரியாது. புண்ணாகி, கடைசியில் காலையே எடுக்க நேரும். மாட்டும் முன் ஷூவைக் கவிழ்த்துத் தட்டினால் பாதிப் புண் வராது. அம்பத்தூர் தொழிற்பேட்டைத் தொழிலாளர்களிடம் நான் கண்டது இது. ஆய்வை ஆவடி வரை கொண்டுபோக வேண்டும்.

"ஜனங்கள்கிட்ட போய்ச் சேர்ந்ததுக்கு ஆதாரம் காட்டுங்க டாக்டர், அனுமதி தரேன்" என்றார் ஆய்வுக் குழுத் தலைவர் கார்த்திகேசன். காட்டாவிட்டால் ஆய்வு அத்தோடு சரி. ஆதாரம் என்று அவர் பார்ப்பது அந்த வட்டத்தைத்தான்.

என்னிடம் வைத்தியம் பார்க்கும் லேத் ஆப்பரேட்டர் வேம்புலிக்கு லிங்க்கை அனுப்பி, நண்பர்களுக்குப் பகிரச் சொன்னேன்.

"இன்னா மேடம், இங்கிலீஷப் பாத்தா எவன் தொடுவான்? நம்ம ஸ்டைல்ல ஒண்ணு போடறேன் இரு" என்றார்.

போட்டார். கம்பெனி கேட் அருகே நின்று, ஷூவைக் கவிழ்த்து இரண்டு தட்டு. உள்ளேயிருந்து ஒரு நட்டு விழுகிறது. "உன் ஷூவுல இன்னா கீது மாமே?" அவ்வளவுதான் ரீல்.

மறுநாளே ஆளாளுக்கு அதே மாதிரி ரீல் போட ஆரம்பித்தார்கள். மேனாம்பேட்டில் ஒருவர் ஷூவிலிருந்து கரப்பான்பூச்சி ஓடியது. நெமிலிச்சேரியில் ஒரு செக்யூரிட்டி அக்கா தட்ட, போன வாரம் தொலைத்த கம்மல் விழுந்தது. ஐடி பசங்க பாட்டுப் போட்டு ஆடிக்கொண்டே தட்டினார்கள். எங்கள் அபார்ட்மெண்ட் குரூப்பில் காலை வணக்கப் பூக்களுக்கு நடுவே ஷூ ஷூவாகக் கவிழ்ந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. தனியாக உட்கார்ந்து பைத்தியம் மாதிரி சிரித்தேன். பிறகு வட்டத்தைத் திறந்து பார்த்தேன். பூஜ்யம்.

"வேம்புலி, லிங்க் எங்க?" என்று போனில் கத்தினேன்.

"அது பாக்க அசிங்கமா கீது மேடம். தூக்கிட்டேன்."

பூஜ்யத்தோடும் ரீல்களோடும் குழுவின் முன் போய் நின்றேன். கார்த்திகேசன் பொறுமையாகப் பார்த்தார்.

"என் பொண்ணுகூட அனுப்பினா. சிரிச்சிட்டு விட்டுட்டேன். பாக்கறது வேற, செய்யறது வேற டாக்டர். இதைப் பாத்துட்டு நிஜமா யார் ஷூவைத் தட்டறாங்க? வட்டமும் காலியா இருக்கு. மன்னிச்சிடுங்க."

எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஃபைலை அள்ளிக்கொண்டு அவர்கள் பின்னாலேயே வெளியே வந்தேன். ஏசி அறை என்பதால் எல்லோரும் காலணிகளை வாசலில் விட்டிருந்தோம். கார்த்திகேசன் பேசிக்கொண்டே குனிந்தார். ஷூவை எடுத்தார். கவிழ்த்தார். இரண்டு தட்டு தட்டினார். பக்கத்தில் இன்னொரு உறுப்பினரும் தட்டிக்கொண்டிருந்தார்.

கார்த்திகேசன் ஷூவிலிருந்து குண்டூசி ஒன்று தரையில் விழுந்தது.

"சார்" என்றேன். அதற்கு மேல் பேச முடியாமல் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

அவர் குண்டூசியைப் பார்த்தார், கையிலிருந்த ஷூவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"எனக்கும் சுகர் இருக்கு டாக்டர்" என்றார் மெதுவாக. பிறகு ஒரு கையில் ஷூவும் காலில் வெறும் சாக்ஸுமாக நின்றபடியே மறு கையை நீட்டினார். "அந்த ஃபைலைக் குடுங்க. எங்க கையெழுத்துப் போடணும்?"